வறட்டிக் கூடைக்குள் ஒரு ரேடியோ

செந்துறை பேருந்து நிலையத்தில் அரியலூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். உலகப்போர்க் காலத்தில் விடுதலைப் போராளிகள் ஒளித்துவைத்துக் கேட்ட ரேடியோக்களைச் சேகரித்துக் கண்காட்சி வைப்பவன் நான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஆரோக்கியமேரி எனக்குத் தருவதற்காகத் தன் வீட்டு ரேடியோவைத் துணியில் சுற்றி மடியில் வைத்தபடி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"கண்காட்சியில உங்கப்பா பேரை எழுதி வைக்கிறேங்க, டீச்சர்."

"அப்பா இதுல ரகசியமா செய்தி கேட்டாரு, சரிதான். ஆனா போலீஸ் வூட்டைச் சோதனை போட வந்தப்ப, இதை வறட்டிக் கூடைக்குள்ள வச்சு, அவங்க முன்னாடியே தலையில சுமந்துட்டுப் போனது எங்கம்மா சவரியம்மாள். அவங்க பேரைப் போடுங்க."

ஒரு அட்டையில் 'சவரியம்மாள்' என்று பெரிதாக எழுதிக் காட்டுகிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி அதை உரக்க வாசிக்கிறார். பிறகுதான் ரேடியோவை என்னிடம் நீட்டுகிறார்.