வேட்டியில் ஒரு வரப்புத் தகராறு

எங்கள் அத்தைக்குக் கிளி தைக்கப் பிடிக்காது. இன்று இதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. நான் நான்காம் வகுப்புப் படித்த காலத்தில், நன்னிலம் பக்கத்தில் தையல் வகுப்புக்குப் போகிற பெண் கிளி தைக்க மாட்டேன் என்பது, சமையல் கற்கப் போனவள் சோறு வடிக்க மாட்டேன் என்பதற்குச் சமம். தலையணை உறையில் இரண்டு கிளி, நடுவில் ஒரு ரோஜா, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி அந்தத் தலையணையை வைத்தால்தான் பெண்ணுக்குக் கைவேலை தெரியும் என்று அர்த்தம். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்பது யாருக்கும் தெரியாது, ஆனாலும் பாதி ஊர் தைத்து வைத்திருந்தது. அத்தையும் ஒரு ஜோடி தைத்தாள். அவளுடைய கிளிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி நன்னிலத்துக்குத் தையல் வகுப்புக்குப் போய்வருவாள். அவளுக்கு ஒரே ஆசைதான். தஞ்சாவூரில் ஒரு வருஷம் தங்கி, தையல் டீச்சர் பயிற்சி முடிக்க வேண்டும். வகுப்பிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். கடைசியில் ஒரு கண்காட்சி நடக்கும். அதைப் பார்க்க வருகிற அதிகாரியம்மாள் அந்த ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார். அப்பாவிடம் அனுமதி கேட்டபோது, “முதல் பரிசு வாங்கு, அப்புறம் பாக்கலாம்” என்றார். கிளிகளைப் பார்த்த தைரியத்தில் சொன்ன வார்த்தை அது.

அத்தைக்கு வழி காட்டியது நூல்கண்டு கம்பெனிக்காரர் வகுப்பில் கொடுத்துவிட்டுப்போன ஒரு படப் புத்தகம். முழுக்கப் பூவும் பறவையும்தான். கடைசிப் பக்கத்தில் மட்டும் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் தைத்த புது மோஸ்தர் துணி ஒன்றின் படம் இருந்தது. பூ கிடையாது, கொடி கிடையாது. சின்னச் சின்ன ஓட்டுத் தையலாக ஆயிரக்கணக்கில், ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் கலைந்து, பச்சையும் பழுப்புமாக. நூல் நுனிகளைக்கூட வெட்டாமல் தொங்கவிட்டிருந்தாள். டீச்சர், “அதெல்லாம் தையலே இல்ல, பக்கத்தைத் திருப்பு” என்றாராம். அத்தை திருப்பவில்லை. கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அம்மா அந்தத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “கோழி கிளறினாப்ல இருக்கு” என்றாள். நான் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வைக்கோல்போர் மேல் ஏற்றினாள். அங்கிருந்து வயல் முழுவதும் தெரியும். நாற்றங்கால் இளம்பச்சை, நட்டு ஒரு மாதமான பயிர் கரும்பச்சை, பாதி நட்ட வயலில் பெண்கள் குனிந்து குனிந்து வரிசை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தாளை விரித்துப் பிடித்தாள். “பாருடி. அவ தைச்சது நம்ம வயலுடி! அவளுக்கே தெரியாது.” எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தை வைக்கோல்போரிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கினாள், இருபது வயசுப் பெண் போலவே இல்லை.

இங்கே வயலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை எங்கள் நிலம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது மெட்ராஸில் இருந்த மிராசுதாருடையது. நாங்கள் குத்தகைக்கு உழுகிறவர்கள். தாத்தா தான் இருக்கும்போதே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க, பெரியப்பாவும் அப்பாவும் தனித்தனியாகச் சாகுபடி செய்தார்கள். பெரியப்பா ஆளுங்கட்சி, கரைவேட்டி. அப்பா செங்கொடி, விவசாயிகள் சங்கம். அதற்காக அவர்கள் சண்டை போட்டதே கிடையாது. சண்டையெல்லாம் நடுவரப்புக்குத்தான். ஒவ்வொரு நடவுக்கு முன்னாலும் வரப்பைச் சீவும்போது இந்தப் பக்கம் ஒரு கீற்று, அந்தப் பக்கம் ஒரு கீற்று என்று மண்வெட்டி உள்ளே போய்விடும். இரண்டு பேர் எதிரெதிரே நடக்கலாம் என்றிருந்த வரப்பு, ஒரு ஆள் கால் மாற்றி வைக்க முடியாதபடி மெலிந்துவிட்டது. நீதான் வெட்டினாய், நானா வெட்டினேன் என்று ஆரம்பித்து, மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரை அரசாங்கம் பதிவு செய்துகொண்டிருந்தது. பதிவில் பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது. ஆனால் இன்னார்தான் உழுகிறார் என்று அண்டை வயல்காரர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு அண்டை வயல்காரர் அப்பா. அப்பாவுக்கு அண்டை வயல்காரர் பெரியப்பா. மற்ற பக்கமெல்லாம் வாய்க்காலும் மிராசுதாரின் தோப்பும். இரண்டு மனுவும் கையெழுத்து இல்லாமல் இரண்டு வீட்டு ஓட்டுச் சந்திலும் செருகிக் கிடந்தன. யார் முதலில் போய்க் கேட்பது? செத்தாலும் கேட்க மாட்டார்கள்.

அத்தை அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை மடித்துப்போட்டு அதில் அந்த வயலைத் தைக்க ஆரம்பித்தாள். நூலை ஊசியில் கோக்கும் உத்தியோகம் எனக்கு. கடையில் கிடைத்தது கிளிப்பச்சை ஒன்றுதான். வேண்டிய மற்ற பச்சைகளுக்காக அம்மாவின் சேலை முந்தானையில் இழை இழையாக உருவினாள். அம்மா கண்டுபிடித்துக் கத்திய கத்தலில் தெருவே கூடியது. பிறகு அம்மாவே இன்னொரு பழைய சேலையைக் கொண்டுவந்து போட்டாள். சின்ன வரப்புகளுக்குச் சாக்கு நூல். வாய்க்காலுக்குச் சங்கிலித் தையல். மதகுக் கல், வயல்கோடியில் ஒற்றைத் தென்னை, மூலையில் தண்ணீர் தேங்குகிற பள்ளம் என்று ஒன்றுவிடாமல் வந்தது. நடுவரப்பை மட்டும் தைக்காமல் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டுவிட்டாள். அம்மா கேட்டதற்கு, “அதை எங்க தைச்சாலும் ரெண்டு பேர்ல ஒருத்தர் என் கழுத்தைப் பிடிப்பாங்க அண்ணி” என்றாள்.

எனக்கு அந்த வெள்ளை பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படத்துக்கு வர்ணம் அடிக்கும்போது இடம் விட்டால் குட்டுவார்கள். கண்காட்சியன்று காலையில் அத்தை குளிக்கப் போன நேரத்தில் துணி பாயில் விரித்துக் கிடந்தது, பக்கத்தில் கிளிப்பச்சை நூல் கோத்த ஊசி. உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வயலிலிருந்து ஆரம்பித்து வெள்ளையின் மேல் நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தேன். ஒரு விரல் அகலத்துக்கு, ஒரு சாண் நீளத்துக்கு. ஒரு தையல் கிழக்கே பார்த்தது, ஒரு தையல் மேற்கே பார்த்தது. கண்காட்சியில் அத்தை பார்த்து அசந்துபோகப் போகிறாள் என்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

நன்னிலத்தில் அந்தக் கூடம் முழுக்கக் கிளி. நடுவில் பாசிமணி வைத்த ஒரு அன்னப்பறவை மேஜை விரிப்பு. டீச்சருக்கு எங்கள் வேட்டியைப் பார்க்கவே வெட்கமாக இருந்ததால், வாசலோரம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அத்தை அங்கேயே மாட்டினாள்.

பெரியப்பா தையல் பார்க்க வருகிற ஆள் இல்லை. கண்காட்சியைத் திறந்துவைத்த கட்சிக்காரர்களோடு வந்திருந்தார். தண்ணீர் குடிக்கப் பானையண்டை வந்து டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அட, நம்ம மதகு! யோவ், இங்க வாங்கய்யா, எங்க வயலைத் தொங்க விட்டிருக்காங்க!”

அவ்வளவுதான். கிளிகளுக்கு முன்னால் கைகட்டி நின்ற ஜனமெல்லாம் பானையண்டை வந்துவிட்டது. வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்று ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். “இந்த மூலையில பயிர் வெளுத்திருக்கே, எரு பத்தலைம்மா” என்று ஒரு பெரியவர் அத்தைக்கு யோசனை சொன்னார். அத்தை, “சரிங்க, போடுறேங்க” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பெரியப்பாவின் விரல் நடுவரப்புக்கு வந்தது. குனிந்து பார்த்தார். எங்கள் பக்கத்துப் பச்சை வரப்பில் பாதியைத் தின்றுவிட்டு அவர் பக்கம் சாய்ந்திருந்தது. பரிசு யாருக்கு என்று பார்க்க வந்திருந்த அப்பாவும் கூட்டத்தில்தான் நின்றார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லாததால், பெரியப்பா என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

“கேளுடி உங்கப்பன. மண்வெட்டி பத்தலைன்னு ஊசியாலயும் வெட்ட ஆரம்பிச்சாச்சான்னு கேளு!”

“சொல்லுடி உங்க பெரியப்பாகிட்ட. வயல்ல வெட்டினப்ப வலிக்கல, துணியில வெட்டினா மட்டும் வலிக்குதான்னு கேளு!” என்றார் அப்பா.

நான் யாரிடம் என்ன கேட்பது? அந்தப் பச்சை என்னுடையது. அழுகை மூக்குவரை வந்துவிட்டது. துண்டை உதறுகிறார்கள், சர்வேயரைக் கூப்பிடு என்கிறார்கள். டீச்சர் கையைப் பிசைகிறார். அத்தையின் தஞ்சாவூர் என்னால் போயே போய்விட்டது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. அத்தை என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “நான்தான் தப்பாத் தைச்சிட்டேன் பெரியண்ணே” என்றாள்.

சத்தம் கேட்டு அதிகாரியம்மாள் வந்துவிட்டார்.

“என்ன தகராறு?”

“வரப்புத் தகராறுங்க.”

“எந்த ஊர்ல?”

“இந்தத் துணியிலங்க” என்றார் எரு போடச் சொன்ன பெரியவர்.

அதிகாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் யார் சாகுபடி என்று கேட்டார். “கீழண்டை நாங்க, மேலண்டை எங்கண்ணங்க” என்றார் அப்பா. “ஆமாங்க, கீழண்டை என் தம்பிதாங்க உழுவுறான், எங்கப்பா காலத்துலேருந்து” என்றார் பெரியப்பா. எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை ஊசியும் கத்தரியும் எடுத்தாள். “சண்டைய வீட்டுல போட்டுக்கலாம். வரப்பு எங்கன்னு சொல்லுங்க, இப்பவே தைச்சிடுறேன்.”

இருவரும் தலை முட்டுகிற மாதிரி துணிமேல் குனிந்தார்கள். “மதகுக் கல்லுலேருந்து தென்னைக்கு நேராடா. அப்பா கயிறு பிடிச்சாரே!” என்றார் பெரியப்பா. என்னிடம் இல்லை, அப்பாவிடமே சொன்னார். “ஆமாண்ணே, கல்லுகிட்ட நுனியப் பிடிச்சிக்கிட்டு நாந்தானே நின்னேன்” என்றார் அப்பா. அத்தை சாக்கு நூலைக் கல்லிலிருந்து தென்னைக்கு இழுத்துக் காட்டினாள். ஒரு நுனியை அப்பா பிடித்தார், ஒரு நுனியைப் பெரியப்பா பிடித்தார். என் பச்சையை ஒவ்வொரு இழையாக, துணியில் ஒரு பொத்தல் விழாமல் பிரித்தெடுத்தாள். அத்தனை பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் வரப்பைத் தைத்து முடித்தாள். யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல் பரிசு அன்னப்பறவைக்குப் போனது. ஆனால் தஞ்சாவூருக்கு அதிகாரியம்மாள் எழுதிக்கொண்டது அத்தையின் பெயரை. “பிரிக்கவும் தெரியணும், நாலு பேர் முன்னால கை நடுங்காமத் தைக்கவும் தெரியணும், அதுதான் டீச்சர் வேலை” என்றார். முதல் பரிசு என்று அப்பா இழுக்க ஆரம்பித்தார். அதற்குள் பெரியப்பா, “பொண்ணு போகட்டும், நான் கொண்டுபோய் விடுறேன்” என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏன், நான் இல்லையா? நான் விடுறேன்!” கடைசியில் ஒருவர் டிரங்குப் பெட்டியும் ஒருவர் படுக்கையுமாக, இரண்டு பேரும் போய் விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த வாரமே இரண்டு மனுவிலும் கையெழுத்து விழுந்தது. பதிவில் இரண்டு பெயரும் ஏறின. வயலில் இருந்த வரப்பை இருவரும் அதற்குப் பிறகும் சீவிக்கொண்டேதான் இருந்தார்கள், ஆனால் பேசிக்கொண்டே சீவினார்கள். என் பெயரை அத்தை யாரிடமும் சொல்லவில்லை. திடுதிப்பென்று அங்கே பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று அவள்மேல் எனக்கு உயிர்.

பிறகு நானும் ஊசி பிடித்தேன். பூவும் கிளியும் இல்லாமல் என் இஷ்டத்துக்குத் தைத்து, நானும் ஒரு கண்காட்சிக்குத் துணி கொண்டுபோகிற நாள் வந்தது. சுருட்டுவதற்கு முன்னால் ஒரு அங்குலம் விடாமல் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. அன்றே அத்தைக்குப் போன் போட்டு, “அன்னைக்கு நான் தைச்சது அங்க போறதுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?” என்று கேட்டேன். ரிட்டயர் ஆன டீச்சர், சத்தமாகத்தான் பேசுவாள்.

“தெரியாமலா? அந்தக் கிளிப்பச்சை கண்ணைக் குத்துச்சே! சுருட்டும்போதே பாத்தேன். பிரிச்சிடலாம்னு ஊசியக்கூட எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் அத்தை பிரிக்கல?”

“மனு குடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு. பெரியண்ணன் கட்சிக்காரங்களோட அங்க வர்றாருன்னும் தெரியும். ரெண்டு பேரையும் பேச வைக்க எனக்கு வேற வழி தெரியலடி.”

அவளுக்குத் தஞ்சாவூர் என்றால் உயிர். அதையும் என் கோணல் தையலோடு சேர்த்துச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் அன்று பஸ் ஏறியிருக்கிறாள். பக்கத்தில் நான், ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் நன்னிலம் வரைக்கும் பாடிக்கொண்டே போனேன்.