சத்தமில்லாமல் வந்து நின்ற கார்

எனக்குப் பார்வை கிடையாது. திருமயத்தில் வீடு; அரிமளம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பள்ளி நேரத்துக்குத் தோதாக பஸ் இல்லாததால், அதே பள்ளியின் இயற்பியல் டீச்சரும் நானும் ஒரு வாடகைக் காரில் போய் வருகிறோம். அது பழைய டீசல் வண்டி. தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். அப்போது செருப்பை மாட்டினால் வாசலுக்கு வரச் சரியாக இருக்கும்.

அந்த வண்டியில் எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. கியர் சொல்லிவிடும். இரண்டாவதுக்கு இறங்கினால் ரயில்வே கேட். எஞ்சின் முனகினால் கண்மாய்க்கரை ஏற்றம். தைல மரக் காட்டுக்குள் நேர்ச்சாலை வந்ததும் ஒரே சீராக இரையும். இப்படியே ஆறு வருஷம் போனது.

போன வருஷம் ஒருநாள் டிரைவர் அண்ணன், "வண்டிய மாத்தப்போறேன் சார்" என்றார்.

"ஏண்ணே, நல்லாத்தான ஓடுது?"

"ஓடுது சார். ஆனா பதினஞ்சு வருசம் முடியப்போகுதுல்ல? வாடகை வண்டிக்கு வயசு பாக்குறாங்க. இனிமே இதக் காட்டி எஃப்.சி. வாங்குறது பெரும்பாடு. எலக்ட்ரிக் கார் எடுக்கலாம்னு இருக்கேன்."

எனக்கு ஆவல் தாங்கவில்லை. கியர் இருக்குமா, எஞ்சின் இல்லையென்றால் முன்பக்கம் என்ன இருக்கும், மழைத்தண்ணீரில் ஷாக் அடிக்குமா என்று துளைத்தெடுத்தேன். "எனக்கே தெரியாது சார். வாங்கிட்டு ரெண்டு பேருமாச் சேந்து தெரிஞ்சுக்குவோம்" என்றார்.

புது வண்டி வந்த முதல் நாள் வாசலில் நின்று காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. போன் போட்டு, "எங்கண்ணே வாரீங்க?" என்று கேட்டேன்.

பதில் போனிலும் நேரிலுமாக வந்தது. "ஒங்க முன்னாடிதான் நிக்கிறேன் சார். கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்."

கையை நீட்டினேன். கதவு தட்டுப்பட்டது. அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் ஏறும்வரை கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஏறிய பிறகு எனக்கு வழியே தவறிப்போனது. கியரும் இல்லை, முனகலும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "எங்கண்ணே இருக்கோம்?" என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்தில்தான் வேறு சத்தங்கள் காதில் விழ ஆரம்பித்தன. தைல மரக் காட்டில் மயில்கள் அகவின. கண்மாய்க்கரையில் யாரோ துணி துவைத்தார்கள். இவ்வளவு காலமும் அண்ணன் மெதுவாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இருந்தாலும் முதல் நாள் சங்கதி மனசை விட்டுப் போகவில்லை. எவ்வளவு தூரத்தில் வரும்போது இந்த வண்டி எனக்குக் கேட்கும்? டீச்சரிடம் கேட்டேன். "அளந்து பாத்தாத்தான் தெரியும் சார்" என்றார் அவர்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி இல்லாத நாளில், மூவரும் மைதானத்துக்குப் போனோம். நான் ஓரிடத்தில் நிற்க வேண்டியது. சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டியது. டீச்சர் காலடி வைத்துத் தூரம் அளப்பார். சரளைத் தரையில் இருபது காலடி தூரத்தில் வரும்போதே டயருக்கடியில் கல் நெரிபடுவது கேட்டுவிட்டது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். அடுத்து, வகுப்பறைகளுக்கு முன்னால் போகும் சிமெண்ட் பாதை. வேப்பமரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் கெளம்பலையா?" என்றேன்.

"சார், வண்டி ஒங்களத் தாண்டிப் போயிருச்சு" என்றார் டீச்சர்.

அண்ணன் இறங்கி வந்தார். பிறகு, "டீச்சர், நீங்க ஓட்டுங்க. நான் நின்னு பாக்குறேன்" என்று சொல்லித் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். என் பக்கத்தில் வந்து நின்று மணிக்கட்டைப் பிடித்தார்.

"வருதா சார்? எங்கிட்டு வருது?"

"தெரியலண்ணே."

அவர் பிடி இறுகிக்கொண்டே வந்தது. டீச்சர் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணே" என்று கூப்பிட்டபோது துள்ளிக் குதித்துவிட்டார்.

துண்டை அவிழ்த்ததும், "சந்தைக் கூட்டத்துக்குள்ள இத்தன நாளும் இப்டித்தான் ஓட்டிருக்கேனா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. டீச்சர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தெருமுனையில் தட், தட் என்று ஒரு சத்தம். பஸ் பக்கவாட்டில் கண்டக்டர் தட்டுவதைப் போல, அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டு வந்தார். "சார், வந்துட்டேன்." ஹாரன் அடித்தால் கிழவிகள் பதறுகிறார்கள், இதுதான் சரி என்றார். சந்தைத் தெருவில் முதலில் கேலி செய்தார்களாம். இப்போது தட்டுச் சத்தம் கேட்டதும் கூடையை நகர்த்தி வழிவிடுகிறார்கள்.

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் இன்னும் இரண்டு வண்டிகளுக்குப் பதினைந்து வருஷம் நெருங்குகிறது. அதில் ஒன்றின் சொந்தக்காரர் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். "நானும் எலக்ட்ரிக்தான் எடுத்துருக்கேன் சார். இது வேற கம்பெனி. சனிக்கெழம ஓய்வா இருப்பீங்களா? மைதானத்துக்குக் கொண்டாறேன்."

வேறு கம்பெனி என்றால் வேறு சத்தமாக இருக்குமோ? உடனே சரி என்று சொல்லிவிட்டேன். டீச்சரிடம் சொன்னதற்கு, இந்தத் தடவை தண்ணீர் தெளித்து ஈரத்தரையிலும் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.