அரசிக்கு வாய்த்த முகம்

தாமசினின் கணவன் ராஃப், லண்டன் கடைகளுக்குப் பலகையில் படம் வரைந்து பிழைத்தவன். ஹம்ஃப்ரியின் மதுக்கடைக்காக ஒருமுறை அரசியை வரைந்தான். கிரீடம், கற்புக்கு முத்து, கன்னிமைக்குச் சல்லடை, குலத்துக்கு ரோஜா என்று அரசிக்குரிய அடையாளங்கள் எல்லாவற்றையும் ஓர் அச்சுப்படத்தைப் பார்த்து ஒழுங்காகப் போட்டுவிட்டான். முகம்தான் உதைத்தது. அச்சில் அந்த இடத்தில் மை அப்பிக் கிடந்தது. அரசியையோ அவன் கண்ணால் கண்டதில்லை. ஆறு வயதில் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த மகள் அவிஸ், வளர்ந்திருந்தால் எப்படி இருப்பாளோ அப்படியே வரைந்து வைத்தான். பெற்ற மனசு, வேறென்ன செய்யும்!

"என்னய்யா, அரசி கையில சல்லடையக் குடுத்திருக்க? மாவு சலிக்கப் போறாங்களா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்த தாமசின், முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

பிறகு ராஃபும் போய்ச் சேர்ந்தான். தினமும் மீன் விற்றுவிட்டு அவள் மதுக்கடைக்கு வருவாள். பிடிக்காத பியரை வாங்கி வைத்துக்கொண்டு மகளையே பார்த்திருப்பாள். எத்தனை பார்த்தும் ஏக்கம் தீரவில்லை.

அரசிக்கு வயது ஏற ஏற, படங்களில் மட்டும் இளமை கூடிக்கொண்டே போனது. அரண்மனை ஒப்புக்கொண்ட முகம் இல்லாத படங்களை எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு நாள் சேவகன் வந்து ஹம்ஃப்ரி கடைப் பலகையைக் கழற்றி அடுப்பருகே சாய்த்தான்.

"இது அரசி முகமே இல்லயே!"

"சத்தியமா இல்லய்யா!" தாமசின் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "அது என் பொண்ணு."

"உம் பொண்ணுக்கு எதுக்கு கிரீடம்?"

"அது வேணாம்யா. இப்பவே எடுத்துடறேன்."

ஹம்ஃப்ரி தலையில் கைவைத்தான். "யக்கா, என் கழுத்துக்குக் கயிறு வாங்கித் தராம விடமாட்ட போல!"

இடுப்பில் இருந்த மீன் கத்தியால் தாமசின் சுரண்டினாள். கிரீடம் போயிற்று. முத்தும் ரோஜாவும் சல்லடையும் உதிர்ந்தன. முகத்தை நெருங்கியதும், அதில் கீறல் படக்கூடாதென்று கத்தியைப் போட்டுவிட்டு மிச்சத்தை நகத்தால் எடுத்தாள்.

சேவகன் குனிந்து பார்த்தான். "இப்ப இது யாரோ ஒரு பொண்ணு. இத எரிக்க எனக்கு உத்தரவில்ல. எடுத்துட்டுப் போம்மா."

கடைக்காரன் வண்டி தருகிறேன் என்றான். அவள் கேட்கவில்லை. பலகையை இடுப்பில் ஏற்றி, மகள் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பாதித் தெருவிலேயே கை மரத்துப் போயிற்று. இறக்கி வைத்துவிட்டு, ஜனங்கள் பார்க்கப் பார்க்க அதன்முன் உட்கார்ந்து அழுதாள்.

"இம்புட்டுப் பெருசா வளந்துட்டியேடி. அம்மாவால தூக்க முடியலயே."