வெட்டாமல் கொடுத்த பெல்ட்

ஸப்ரிக்குக் கை சும்மா இருக்காது. யாருக்காவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுப்பது அவனுடைய சொத்தாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தம்புள்ளையில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் லொறி கராஜில் வீசுகிற பழைய டயர், வளைந்த கம்பி, காலி ஒயில் டின் எல்லாம் அவன் கையால் எவர் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்துவிடும். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். எனக்குத்தான் எரிச்சல்.

எஞ்சின் தூக்குகிற பெல்ட் விஷயத்தில் மட்டும் முதலாளி கறார். ஓரம் நைந்தாலோ தையல் விட்டாலோ, துண்டு துண்டாக வெட்டித்தான் வீச வேண்டும். முழுசாக வெளியே போனால் எவனாவது அதை நம்பி எதையாவது தூக்குவான் என்பார். ஸப்ரியும் “சரி முதலாளி” என்பான். வெட்டத்தான் மனசு வராது. நாலு நூல் பிரிந்ததற்காக இவ்வளவு நீளமான பெல்ட்டைக் கொத்திப் போடுவதா? மாடு கட்ட உதவும் என்று ஒன்றை நாவுலயில் இருக்கிற தங்கச்சி ஷஸ்னாவுக்குக் கொடுத்துவிட்டான். அண்ணனை அவள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்.

போன மாதம் ஒரு நாள் காலையில், அதே மாதிரி ஓரம் நைந்ததைக் கவனிக்காமல் மாட்டிய பெல்ட் ஒன்று எங்கள் கண்முன்னே அறுந்தது. எஞ்சின் விழுந்து தரையில் சீமெந்து பெயர்ந்தது. யார் காலிலும் விழாதது அல்லாஹ்வின் கிருபை. ஸப்ரியின் முகத்தில் ரத்தமே இல்லை. உடனே போனை எடுத்தான்.

“ஷஸ்னா, நான் தந்த பெல்ட் எங்க?”

“அதுவா நானா? அதப் புடிச்சுத்தான் இவர் கிணத்துல இறங்கியிருக்கார். சேறு அள்ளுறார்.”

“ஏறச் சொல்லு! இப்பவே ஏறச் சொல்லு!”

“அதப் புடிச்சுத்தானே நானா ஏறணும்?”

ஸப்ரியின் கையிலிருந்து நான் போனைப் பிடுங்கினேன். “தங்கச்சி, நான் ரவூப். அவர அங்கயே நிக்கச் சொல்லுங்க. பெல்ட்டத் தொடவே வேணாம். கயிறு கொண்டு வாறோம்.”

ஸப்ரி புதுக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினான். வழியெல்லாம் மரக்கறி லொறி. “முந்துங்க ரவூப், முந்துங்க” என்று முதுகில் இடித்துக்கொண்டே வந்தான். நடுவில் ஷஸ்னாவுக்குப் போன் எடுத்தால் மணி அடிக்கிறது, பதில் இல்லை. “எடுக்கிறா இல்ல, எடுக்கிறா இல்ல” என்று காதருகே புலம்பல். “வாய மூடு, இல்லாட்டி இங்கயே இறக்கி விடுவேன்” என்று கத்தினேன். கத்திக்கொண்டே அடுத்த லொறியை முந்தினேன்.

போய்ப் பார்த்தால் ஷஸ்னா போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கிணற்றடியிலேயே நிற்கிறாள். உள்ளே அவள் புருஷன் ஸியாம் முழங்கால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்தார். “என்ன மச்சான், என்னைய மறியல்ல போட்டுட்டீங்களா?” என்று, ஜெயிலில் அடைத்த மாதிரி ஒரே ஏச்சு. புதுக் கயிற்றை விட்டு இரண்டு பேருமாக இழுத்து மேலே எடுத்தோம். சேற்றோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸப்ரி அழுதே விட்டான்.

பிறகு கத்தியை வாங்கி அந்தப் பெல்ட்டை வெட்ட உட்கார்ந்தான். இரண்டு துண்டு போட்டதும் கை நின்றது.

“இது நீளமான பெல்ட்டாச்சே. மிச்சம் எங்க?”

“நீளம் கூடிப்போச்சுன்னு பாதிய அறுத்து நல்லையா அண்ணனுக்குக் குடுத்தேன்” என்றார் ஸியாம், தலையைத் துவட்டிக்கொண்டே. “மரக்கொப்பு வெட்டுறவர். இந்தா, பின் தோட்டத்துலதான் இன்னைக்கு வேலை.”

ஷஸ்னா நீட்டிய பிளேன்டீயைத் தட்டாத குறையாக ஸப்ரி எழுந்து ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

பலாமரத்து உச்சியில் நல்லையா. அந்தப் பெல்ட்டை இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி, நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு கொப்பு அறுத்துக்கொண்டிருந்தார். கத்தினால் மனுஷன் திடுக்கிடுவார். ஸப்ரி மூச்சை அடக்கி மெல்லக் கூப்பிட்டான்.

“அண்ணே, மரத்தப் புடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க. அந்தப் பெல்ட்ட நம்பாதீங்க.”

“யாரு தம்பி நீங்க?”

“ஸியாமுக்கு அதக் குடுத்தவன்.”

நல்லையா அறுக்கிற வாளைக் கிளையில் மாட்டிவிட்டு இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.