அக்காவின் இழுப்பு

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே ஆஸ்துமா உண்டு. எங்கள் பக்கத்தில் இழுப்பு என்பார்கள். அப்போதெல்லாம் அது ஐப்பசி மழையோடு வரும், கார்த்திகையோடு போய்விடும். மற்ற நாட்களில் அக்கா என்னைவிட வேகமாக நடப்பாள். ஆகஸ்டு கடைசியில் காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தில், கால் வலிக்கிறது என்று நான் உட்காரும்போதெல்லாம் திட்டிக்கொண்டே என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொள்வாள்.

கல்யாணமாகி மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனாள். அத்தான் நல்ல மனிதர். வினையே அதில்தான். ஒரு தை மாதம் அறுவடை மெஷின் கிளப்பிய தூசியில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அன்றிலிருந்து அவளைத் தரையில் கால் படாமல் தாங்கினார். வாசல் தெளிக்க ஆள், கடைக்குப் போக பைக், தெருக்கோடியில் இருக்கிற மாதா கோயிலுக்குக்கூட ஆட்டோ. நடந்தால் மூச்சு வாங்குமாம். வேளாங்கண்ணி நடையும் நின்றது.

சாப்பாட்டுக்கும் சட்டம் வந்தது. குளிர்ச்சி ஆகாது. மோர், வெள்ளரி, சுரைக்காய், பூசணி, கீரை எல்லாம் தள்ளுபடி. பசித்தால் சூடாகப் பூரி, நெய் தோசை, ஆட்டுக்கால் சூப், பனங்கற்கண்டு போட்ட பால். நெஞ்சுக்கு இதமாக இருக்கும் என்று ஊரே சொன்னது. நான் போய் இலையில் ஒரு கரண்டி மோர் ஊற்றினால், "அவளைத் திரும்ப ஆஸ்பத்திரில படுக்க வைக்கணுமா?" என்பார் அத்தான். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. இடுப்பு பெருத்தது. இழுப்பு மாதம் பார்த்து வருவதை விட்டு, வீட்டோடு தங்கிவிட்டது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குவாள். பக்கத்து அறையில் படுத்தாலும் அவள் நெஞ்சு விசிலடிப்பது கேட்கும். இன்ஹேலர் போதாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் பசியும் சர்க்கரையும் ஏறின, இழுப்பு இன்னும் கடுமையாகத் திரும்பி வந்தது. நெஞ்சு டாக்டர் ஒரு ஊரில், சர்க்கரை டாக்டர் ஒரு ஊரில். ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பார்த்ததில்லை.

போன வருஷம் நான்தான் வம்படியாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் இரண்டு ஃபைலையும் ஒன்றாக விரித்து வைத்துக்கொண்டார். "தூசி மட்டும் காரணமில்லைங்க. சர்க்கரை அடங்காம, வயித்துல கொழுப்பு சேந்துக்கிட்டே போனா, உடம்புக்குள்ள ஒரு வீக்கம் இருந்துக்கிட்டே இருக்கும். மூச்சுக்குழாயும் அந்த உடம்புலதானே இருக்கு? அதான் இன்ஹேலர் சரியா கேக்கல. மெதுவா நடக்க விடுங்க. காய்கறி குடுங்க." வெளியே வந்து ஆட்டோவுக்குக் கை காட்டப் போன அத்தான், கையை இறக்கிக்கொண்டார்.

பிறகு இருவரும் தினம் காலையில் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். முதலில் மதகு வரை, அப்புறம் ரோடு வரை. சமையலில் சுரைக்காய்க் கூட்டு வந்தது. சர்க்கரை இறங்கியது, டாக்டரே ஸ்டீராய்டை நிறுத்தினார். ஒரு நாள் அக்கா போனில் பெருமையாகச் சொன்னாள். "தலகாணி ஒண்ணு போதும்டி எனக்கு. இந்த வருஷம் ஒங்கூட வேளாங்கண்ணிக்கு நடக்கப் போறேன்."

எந்தத் தேதியில் கிளம்பலாம் என்று கேட்க, ஜூலையில் ஒரு மத்தியானம் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மல்லாந்து படுத்து நல்லா தூங்குதும்மா ஒங்கக்கா. சத்தமே இல்ல, பாரேன். எழுப்ப மனசு வரல. சாயங்காலம் பேசறியா?" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிவியைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். காபியோடு போய்த் தொட்டபோது கை சில்லிட்டிருந்தது. மாரடைப்பு. நாள்பட்ட சர்க்கரையில் சிலருக்கு வலியே தெரியாது என்றார்கள். மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தோம், இத்தனை வருஷச் சர்க்கரை இதயத்தில் செய்து வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு அத்தான் என்னிடம் வந்தார். "நீ போன் பண்ணப்பவே போயிருச்சாம்மா?"

"தெரியல அத்தான்."

"சத்தம் இல்லாம இருந்தா நல்லா இருக்குன்னுதானேம்மா நெனச்சேன்."

எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன் அந்த மனிதரோடு. நானும் அப்படித்தான் நினைத்தேன் அத்தான் என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.