தலையிடி டொக்டருக்குத் தலையிடி

சித்தி தலையிடியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறார் என்று அம்மா யாருக்கோ தொலைபேசியில் சொன்னபோது, அது என்னைப் பற்றிய ஆராய்ச்சி என்றே நினைத்தேன். அம்மா என்னை அழைக்கும் பெயர்களில் அதுதான் முதன்மையானது. பால் கிளாஸைத் தட்டிவிட்டால் தலையிடி. பனிச் சப்பாத்தோடு கார்ப்பெற்றில் ஏறினால் பெரிய தலையிடி. ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் ரவுண்ஹவுஸின் மேல் அறையில் சித்தி கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதெல்லாம் என்னைத் திருத்துவதற்குத்தான் என்று நம்பி, சில நாட்கள் மிகவும் அடக்கமாக நடந்தேன். விஷயம் விளங்கியதும் பழைய குணம் திரும்பிவிட்டது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். மூளை நரம்பு டொக்டராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். பக்கவாதத்தை எடு, உதறுவாதத்தை எடு என்று அவருடைய பெரிய டொக்டர்மார் எல்லோரும் நல்ல மனதோடு புத்தி சொன்னார்களாம். தலையிடியால் யாரும் சாவதில்லை, அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. சித்தி அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் தலையிடியையே எடுத்தார். தலையிடியில் எதை ஆராய்வது என்பதுதான் அப்போது முடிவாகவில்லை.

ஏன் தலையிடியை எடுத்தார் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். சித்திக்கே ஒற்றைத் தலையிடி இருந்தது. அது வருவதற்கு முன் பார்வையின் ஓரத்தில் ஒரு கோணல்மாணல் வெளிச்சம் மின்னத் தொடங்கும். உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். அதைக் கண்டதும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை தொடங்கும். அம்மா அடுப்பை நிறுத்துவார். அப்பா திரைச்சீலைகளை இழுத்துவிடுவார். நான் துவாயைக் குளிர்ந்த தண்ணீரில் பிழிந்து கொண்டு ஓடுவேன். சித்தி இருட்டில் சுருண்டு கிடப்பார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வரும் அன்பு, அவர் எழும்பி என் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்கும்போது அவ்வளவாக வருவதில்லை.

சித்திக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "டொக்டருக்கே தலையிடி வருத்தம் எண்டு தெரிஞ்சா ஆர் செய்வினம்? உந்தக் கதை வாசலைத் தாண்டக்கூடாது" என்பது அம்மாவின் கட்டளை. சித்திக்கு இதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவருக்கும் பயம் இருந்தது. தலையிடியைப் படிக்கிற பெண்ணுக்குத் தலையிடி என்றால் மாப்பிள்ளை வீட்டார் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தார்.

அந்த மாசிமாதக் குளிரில் அப்பாவின் நண்பர் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு வந்தது. ஸ்காபரோவில் ஒரு பெரிய விருந்து மண்டபம். விட்பியிலிருந்து ஒரு குடும்பம் வரும் என்றும், அவர்களுக்கு எஞ்சினியர் மகன் ஒருவன் உண்டென்றும், அவர்கள் தற்செயலாகச் சித்தியைப் பார்ப்பார்கள் என்றும் ஏற்பாடு. இந்தத் தற்செயலுக்காக அம்மா மூன்று கிழமை தொலைபேசியில் உழைத்தார். சித்திக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை, எனக்கு அரிக்கிற பாவாடை.

மண்டபத்தில் சித்தியை ஆறுதலாக இருக்கவிடவில்லை. டொக்டர் பிள்ளை வந்திருக்கிறா என்று தெரிந்ததும் அன்ரிமார் தட்டும் கையுமாக வரிசையில் வந்தார்கள். ஒருவருக்குப் பின்மண்டையில் குத்து, ஒருவருக்கு மருமகள் வந்த நாளிலிருந்து நெற்றிப்பொட்டில் இடி. சித்தி எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எஞ்சினியரின் அம்மாவான விட்பி அன்ரி மட்டும் முன்வரிசையில் கணவருக்கும் மகனுக்கும் நடுவில் நிமிர்ந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த, அழகான மனுசி.

பிறகு சாமத்தியப் பெண்ணைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். பெரிய லைற்றுகளை அணைத்து, சிவப்பும் நீலமுமாக வெட்டி வெட்டி மின்னும் விளக்குகளைப் போட்டார்கள். புகை வந்தது. வீடியோக்காரர் தன் பங்குக்கு ஒரு சூரியனை எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை கண்ணுக்குப் போய்விட்டது.

அம்மாவும் கண்டுவிட்டார். சிரித்த முகம் மாறாமல் என் காதுக்குள் சொன்னார். "சித்தியைக் கோட் றூமுக்குக் கூட்டிக்கொண்டு போ. வாசலில நில். ஆரும் கேட்டா ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் எண்டு சொல்லு. ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதை."

கோட் றூம் மண்டபத்தின் பின்பக்கம் இருந்தது. மாரிகாலக் கோட்டுகள் நெருக்கமாகத் தொங்கியதால் உள்ளே சத்தம் குறைவு. லைற்றை அணைத்தேன். சித்தி கடைசி வரிசைக்குப் பின்னால் போய், மயில் கழுத்துச் சேலையோடு நிலத்தில் இருந்து, யாருடையதோ கம்பளிக் கோட்டில் முகத்தைப் புதைத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றேன். இரண்டு மாமாமார் வந்தார்கள். ஆஸ்பத்திரி, ஃபோன் என்றேன். மரியாதையாகத் திரும்பிப் போனார்கள்.

அடுத்ததாக வந்தவர் விட்பி அன்ரி. சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பிள்ளை, கோட்டை எடுக்கவேணும், கொஞ்சம் விலகும்" என்றார். அப்போதுதான் அவருடைய மற்றக் கையைப் பார்த்தேன். அது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியும் ஃபோனும் எனக்கு மறந்துபோய்விட்டன. "அன்ரி, உங்களுக்கும் சிக்சாக் வெளிச்சம் வருதோ?" என்று கேட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்த மாதம்தான் 'உம்' என்ற இடைச்சொல்லைப் படிப்பித்தார்கள். 'மாலாவும் வந்தாள்' என்றால் அவளுக்கு முன் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று பொருள். எனக்குப் பரீட்சையில் அது பிழைத்தது. விட்பி அன்ரிக்குப் பிழைக்கவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், பிறகு என்னை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. கலியாணம் போய்விட்டது, அம்மா என்னைக் கொல்லப்போகிறார். கதவில் காதை வைத்தேன். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒரு தடவை யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்போது தாழ்வாரத்தில் விட்பி அன்ரியின் கணவர் வருவதைக் கண்டு, எச்சரிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். விட்பி அன்ரி சித்தியின் பக்கத்தில் நிலத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்திருந்தார். "நீர் எங்கட வீட்டுக்கு வரவேண்டாம், பிள்ளை. நான் இவையளுக்கு ஏதாவது சாட்டுச் சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாட்டு இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். சாதகம் அதற்கு முன்பே பொருந்தியிருந்தது அம்மாவுக்கு நல்ல ஞாபகம். விசாரணையில் என்னுடைய 'உம்' வெளியே வந்தது. அம்மா அழுதார், என்னைத் தலையிடி என்றார், பிறகு எனக்கு இடியப்பத்தைக் குழைத்துத் தீத்திவிட்டார். ஆச்சரியம், சித்தி மட்டும் உற்சாகமாக இருந்தார். அந்த வாரமே தன் ஆராய்ச்சிக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். தலையிடிக்காரருக்கு வெளிச்சம் ஏன் வலிக்கிறது என்பதை எடுத்தார். இன்றுவரை அதை விடவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம், சில வருடங்கள் கழித்துச் சித்தி கிளினிக் தொடங்கியபோது விட்பி அன்ரி அங்கே வரத் தொடங்கியது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. என் சித்தியை வருத்தக்காரி என்று ஒதுக்கிவிட்டு, இப்போது அதே சித்தியிடம் மருந்துக்கு வருகிறாரே என்று பொருமினேன். யுனிவர்சிற்றி விடுமுறையில் அந்தக் கிளினிக் வரவேற்பில் வேலை செய்தபோதும் அவருக்கு மட்டும் சிரிக்கமாட்டேன். இதற்குள் புதிய மருந்துகள் வந்திருந்தன. மாதம் ஓர் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியபின் அவருடைய முகமே தெளிந்திருந்தது. வரும்போதெல்லாம் எனக்கு முறுக்கு கொண்டுவருவார். முறுக்கை மட்டும் சாப்பிடுவேன்.

ஒருநாள் சித்தி என் முகத்தைக் கண்டுவிட்டார். கடைசி நோயாளி போனபின் கூப்பிட்டுக் கேட்டார். நான் கோட் றூமில் கேட்டதைச் சொன்னேன். "அவ உங்களை வேண்டாம் எண்டு சொன்னவதானே, சித்தி?"

சித்தி எழும்பி அறைக் கதவைச் சாத்தினார். "அவ என்னை வேண்டாம் எண்டு சொல்லேல்லையடி. தன்ர வீட்டை வேண்டாம் எண்டு சொன்னவ. தலையிடி எண்டு படுத்தா நடிப்பு எண்டு சொல்லி, ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிற வீடு. மகனும் அதைப் பாத்துத்தான் வளந்தவன். 'நான் ஒருத்தி மாட்டுப்பட்டது காணும், நீரும் வராதையும்' எண்டு சொன்னவ. அண்டைக்கு அவவுக்கு என்னைவிட மோசமா இருந்தது."

அன்று அந்தக் கணவர் கோட் றூம் வாசலுக்கு வந்து, "எங்கை போய் நிக்கிறீர்? ஆக்கள் தேடுகினம்" என்று கேட்டதும், விட்பி அன்ரி எழும்பினார். கண்ணிலிருந்து கையை எடுத்தார். சேலை மடிப்பை நீவிச் சரிசெய்தார். சித்தி இருந்த பக்கம் தெரியாதபடி கோட்டுகளை இழுத்துவிட்டார். பிறகு நன்றாகச் சிரித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய், வீடியோக்காரரின் லைற்றுக்கு நேரே, முன்வரிசையில் கணவருக்கும் மகனுக்கும் நடுவில் இருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் சித்தி எவ்வளவு கெட்டிக்காரி, பத்து நிமிடத்தில் இந்த மனுசியைச் சுகமாக்கிவிட்டாரே என்று பெருமையாக இருந்தது.