மெதுவான சைக்கிளோட்டத்துக்குப் புதுப் போல்ஸ்

போன ஞாயிறு எங்கள் ஊர்ச் சித்திரை விளையாட்டு விழாவில் நான் முதலாவதாக வந்தேன். அதனால் தோற்றுப்போனேன்.

அவசரப்படாதீர்கள், சொல்கிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். நீங்களும் ஆறுதலாகவே வாசியுங்கள்.

ஆரையம்பதியில் எங்கள் பக்கம், அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு மெதுவான சைக்கிளோட்டம் வைப்பார்கள். கால் நிலத்தில் படக்கூடாது. கடைசியாக வருகிறவளுக்குத்தான் பரிசு, ஒரு வாளி. இதில் என்னை வெல்ல ஆள் கிடையாது. பந்தல் கழற்றத் தொடங்கும்போதுதான் நான் கோட்டுக்கு வந்து சேருவேன். எல்லாம் என் திறமை என்றே நினைத்திருந்தேன்.

விழாவுக்கு முதல் கிழமை, என் புருஷனின் தங்கை — என் மச்சாள் — சந்தை வழியில் மறித்தாள். வருடா வருடம் என்னிடம் தோற்கிறவள்.

"வண்டில் ஏதோ வருதெண்டு விலகி நிண்டன் மச்சாள். உங்கட சில்லுத்தானா இந்தக் கத்துக் கத்துது?"

"ஓங்கா. வெல்லுற சைக்கிள் கத்தத்தான் செய்யும்."

"வெல்லுங்க, வெல்லுங்க. ஆனா சனம் காதப் பொத்துமா, கை தட்டுமா?"

விடுவேனா? நேரே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி சில்லைக் கழற்றி அச்சை உருவினார். உள்ளே கிறீஸ் கரிக்கட்டியாய்க் கிடந்தது. அச்சைச் சுற்றி உருளுகிற சின்ன இரும்புக் குண்டுகள், அதுதான் போல்ஸ், எல்லாம் துரு.

"பெரியம்மா, இந்தச் சில்லு சுத்தினதில்ல. நீங்கதான் இழுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கீங்க."

இரண்டு சாதி போல்ஸ் எடுத்து வைத்தார். மலிவானது மங்கல். மற்றது கண்ணாடி மாதிரி. அரிசியில் கல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன்... ஒரு புள்ளியில்லை, பள்ளமில்லை.

"நல்லதையே போடுங்க மனே."

"அப்ப கோனையும் மாத்தணும். போல்ஸ் அதிலதான் உருளுது. தேஞ்ச கோனில புதுசப் போட்டா கெதியா அரைச்சுத் திண்டிரும்."

"மாத்துங்க. பின் சில்லுக்கும் மாத்துங்க!"

பூட்டி முடித்து, சில்லைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். நான் பிளேன்டீ குடித்துக் கோப்பையை வைக்கும்போதும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை! நான் யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் பெருமைப்படுகிற நேரத்தில் யாருக்கு யோசனை வரும்?

ஞாயிறு. விசில் ஊதினார்கள். பெடலில் லேசாகக் காலை வைத்தேன் — சைக்கிள் போய்விட்டது! பிரேக்கைப் பிடித்தால் ஆள் சரிகிறது. விட்டால் பறக்கிறது. மற்றவர்கள் ஆமையாய் ஊர, நான் மட்டும் பிளேனுக்கு நேரம் போய்விட்டதுபோல...

"அம்மா, ஆறுதலா! அம்மா, எங்க போறீங்க?" என்று மைக்கில் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

கோட்டைத் தாண்டி, நடுவர் மேசையையும் தாண்டி, கச்சான் கடலை விற்கிறவரின் தட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் — மச்சாள். எல்லோருக்கும் பின்னால், சாமி ஊர்வலம்போல வருகிறாள். கறக்... கறக்... கறக்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தன் பிள்ளை அழுதால் தாய்க்குத் தெரியாதா?

மறுநாள் கடையில் கேட்டேன். "என்ட பழைய போல்ஸ் எங்க மனே?"

"உங்கட மச்சாள் அண்டைக்கே வந்து வாங்கிட்டாவே! கோனையும் சேத்து. 'என்ட சைக்கிளுக்குப் பூட்டித் தா' எண்டு நிண்டா. வெயில் தலைக்கு ஏறிட்டாக்கும் எண்டு நினைச்சன் பெரியம்மா."

வெயிலும் இல்லை, ஒன்றுமில்லை. ஒருவர் நம்மிடம் ஒரு குறையைச் சொன்னால், அதைத் திருத்துவதற்கு முன்னால், அந்தக் குறை அவருக்குத் தேவைப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசு வாளி இப்போது அவள் வீட்டுக் கிணற்றடியில். என் சைக்கிள் வாவிக்கரையில் — உப்புக் காற்று நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். அடுத்த சித்திரைக்குள் துருப் பிடித்துவிடாதா என்ன?